நிறுவனத்துக்கு வாக்கி டாக்கி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில், கல்லூரி, ஆஸ்பத்திரி, எஸ்டேட், கோயில் திருவிழா என்று பல இடங்களுக்கு ரேடியோ செட் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இடம் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்டம் தொடர்பானவை இந்தியாவுக்கு மட்டும் பொருந்தும்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, வாக்கி டாக்கி எதுக்கு?

நான்கு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போக வேண்டுமென்றால் செல்போன் உதவாது. நம்பர் போட்டு, ரிங் போய், எடுத்து, "சொல்லுங்க" என்று ஆரம்பிப்பதற்குள் லாரி கேட்டைத் தாண்டியிருக்கும். ரேடியோவில் பட்டனை அழுத்தினால் ஒரு நொடிக்குள் அந்தச் சேனலில் இருக்கும் எல்லோருக்கும் குரல் போய்ச் சேரும். இன்னொரு லாபமும் உண்டு. கேட்டில் நடப்பது ஸ்டோரில் இருப்பவர் காதிலும் விழுவதால், யாரும் சொல்லாமலேயே அவர் தயாராகிவிடுவார்.

உங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர்தான் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் நீண்ட நேரம் என்றால், செல்போனே போதும். செலவு செய்யாதீர்கள்.

கடையில வாங்கி உடனே பேச ஆரம்பிச்சிடலாமா? லைசென்ஸ் கண்டிப்பா வேணுமா?

பெரும்பாலான செட்டுகளுக்கு வேண்டும். பேசுவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே அனுமதி தேவை. 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டம் முதல் இதுதான் நிலை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருப்பதற்கு அங்கீகாரம் வேண்டும் என்றே சொல்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டுமே இயங்கும் குறைந்த திறன் செட்டுகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. "மட்டுமே" என்பதைக் கவனியுங்கள். 400 முதல் 470 வரை எங்கு வேண்டுமானாலும் திருப்பக்கூடிய ஒரு செட்டை 446-இல் வைத்துப் பேசினாலும் அது இந்த விலக்குக்குள் வராது.

ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஜோடியா வருதே, அதை வாங்கினா என்ன?

பட்டியலில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எந்த அலைவரிசை, லைசென்ஸ் தேவையா இல்லையா, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஈடிஏ சான்று இருக்கிறதா. ஈடிஏ என்பது அந்த மாடல் கருவிக்கு மத்திய அரசு தரும் வகை ஒப்புதல். இந்த விவரங்களே இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் இணைய விற்பனைத் தளங்களுக்குத் தனியாக வழிகாட்டு விதிகளே கொண்டுவந்தது.

விவரம் இல்லை என்றால் வாங்காதீர்கள். போலீஸ், விமான நிலையம், துறைமுகம் ஆகியவற்றின் அலைவரிசைக்குள் உங்கள் செக்யூரிட்டி தெரியாமல் நுழைந்துவிட்டால், பதில் சொல்ல வேண்டியது விற்றவர் அல்ல, நீங்கள்தான்.

லைசென்ஸ் வேண்டாத செட்டே எங்களுக்குப் போதுமா?

சின்ன இடம் என்றால் தாராளமாகப் போதும். கல்யாண மண்டபம், மூன்று மாடி ஹோட்டல், ஒரே வளாகத்துக்குள் இருக்கும் பள்ளிக்கூடம், சூப்பர் மார்க்கெட். அரை வாட் அளவு திறன்தான், ஆன்டெனாவைக் கழற்றிப் பெரிதாக மாட்ட முடியாது, பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வைக்க முடியாது. ஆனாலும் ஒரு மண்டபத்தில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் பார்க்கிங்குக்கும் பேச இதற்கு மேல் எதற்கு?

12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வைத்தால் அந்தப் பட்டையில் 16 சேனல்தான் கிடைக்கும். அதை ஊரில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். பக்கத்து மண்டபமும் அதே சேனலில் இருந்தால் "சாம்பார் தீர்ந்து போச்சு" என்பது யார் வீட்டுச் சாம்பார் என்று தெரியாது. சேனலை மாற்றிக்கொள்ளலாமே தவிர, யாரிடமும் புகார் செய்ய முடியாது. தடங்கல் வந்தால் உயிருக்கோ இயந்திரத்துக்கோ ஆபத்து என்ற வேலைக்கு இந்தப் பட்டையை நம்ப வேண்டாம்.

லைசென்ஸ் எங்க வாங்கணும்? எத்தனை நாள் ஆகும்?

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில். விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' இணையதளம் வழியாகப் போகிறது. எந்த இடம், எவ்வளவு சுற்றளவு, எத்தனை செட், எதற்காக என்று கேட்பார்கள். கட்டடத்திலோ டவரிலோ நிலையான ஆன்டெனா வைப்பதாக இருந்தால் அந்த இடத்துக்கு 'சாக்ஃபா' அனுமதியும் வேண்டும். விமானப் பாதைக்கும் மற்ற ரேடியோ நிலையங்களுக்கும் இடைஞ்சல் வராதா என்று பார்ப்பதற்காக அது. எல்லாம் முடிந்த பிறகு உங்களுக்கென்று அலைவரிசை ஒதுக்கி இயக்க உரிமம் தருவார்கள்.

நாள் கணக்கு போடாதீர்கள், மாதக் கணக்கு போடுங்கள். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் கூப்பிட்டு "லைசென்ஸோட வேணும்" என்பவர்களுக்கு என்னால் வாடகைக்கு 446 செட் மட்டும்தான் காட்ட முடியும். செலவும் ஒருமுறையோடு முடிவதில்லை. எத்தனை அலைவரிசை, எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து ராயல்டி, செட்டுகளுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஆண்டுதோறும் கட்ட வேண்டும். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

விஎச்எஃப் நல்லதா, யுஎச்எஃப் நல்லதா?

இரண்டும் அலைவரிசைப் பட்டைகள். கட்டடத்துக்குள் என்றால் யுஎச்எஃப். திறந்த வெளி, தோட்டம், மலை என்றால் விஎச்எஃப். பாதிப் பேருக்கு இந்த ஒரு வரியே போதும்.

காரணம் அலையின் நீளம். விஎச்எஃப் 150 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை இரண்டு மீட்டர். யுஎச்எஃப் 450-இல் சுமார் 67 சென்டிமீட்டர். குட்டை அலை ஜன்னல், கதவிடுக்கு, லிஃப்ட் பக்கத்துச் சந்து வழியாகப் புகுந்து, சுவரில் மோதித் திரும்பி எப்படியாவது உள்ளே வந்துவிடும். நீள அலை மேடு பள்ளத்தைத் தழுவி வளைந்து போகும். மரம், இலை நடுவிலும் குறைவாகவே தேயும். அதனால் நீலகிரி, வால்பாறை பக்கம் தேயிலை எஸ்டேட்டுக்கு விஎச்எஃப், கோவை ஆஸ்பத்திரிக்கு யுஎச்எஃப். யுஎச்எஃப் செட்டில் ஆன்டெனா குட்டையாக இருப்பதால் இடுப்பில் குத்தாது என்பதும் ஒரு சின்ன வசதி.

விஎச்எஃப் செட்டும் யுஎச்எஃப் செட்டும் ஒன்றோடொன்று பேசாது. இருக்கும் செட்டுகளோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பழைய செட்டின் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

பெட்டியில பத்து கிலோமீட்டர்னு போட்டிருக்கு. உண்மையிலேயே போகுமா?

கணக்குப்படி பொய் இல்லை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த ஆன்டெனாவுக்கு ரேடியோ அடிவானம், அதாவது தடையில்லாமல் அலை எட்டும் எல்லை, சுமார் 5 கிலோமீட்டர். இரண்டு பேர் அப்படி நின்றால் பத்து. ஆனால் நடுவில் ஒரு மரமோ வீடோ இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் கடலில் கிடைக்கலாம். ஊருக்குள் கையடக்கச் செட்டுகளுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வந்தால் நல்ல ரேஞ்ச் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைவிட இடையில் நிற்பதுதான் முக்கியம். திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுற்றளவு 14 கிலோமீட்டர். மலைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கும் அந்தப் பக்கம் நிற்பவருக்கும் நேர்க்கோட்டில் நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் நடுவில் சுமார் 800 மீட்டர் உயரத்துக்குப் பாறை. எந்த விலை செட் கொடுத்தாலும் நேரடியாகப் பேச முடியாது.

அப்ப 5 வாட்டுக்குப் பதிலா 10 வாட் செட் எடுத்தா தூரம் ரெண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்; கேட்பவர் காதுக்கு லேசான வித்தியாசம். 4 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையே ஒரு டெசிபல்கூட முழுசாக இல்லை. விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போடுவார்கள். மேலே சொன்ன பாறை முன்னால் பத்து வாட்டும் தோற்றுத்தான் போகும். பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும். காசு செலவழிப்பதாக இருந்தால் ஆன்டெனா உயரத்துக்குச் செலவழியுங்கள்.

ரிப்பீட்டர்னா என்ன? எங்களுக்கு வேணுமா?

உயரமான இடத்தில் இருந்துகொண்டு ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும் பெட்டி. 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் அதன் அடிவானம் இருபது கிலோமீட்டரைத் தாண்டும். கையில் இருக்கும் சின்ன செட் அந்த ஆன்டெனாவை எட்டினால் போதும். கிரிவலப் பாதை போன்ற இடத்துக்கு இதுதான் வழி, அதுவும் மலையின் எல்லாப் பக்கமும் தெரியும்படி இடம் பார்த்து.

முதலில் ரிப்பீட்டர் இல்லாமல் நடந்து பாருங்கள். டீலரிடம் இரண்டு டெமோ செட் வாங்கி, ஒருவர் கண்ட்ரோல் ரூமில் இருக்க, மற்றவர் அடித்தளம், ஜெனரேட்டர் அறை, லிஃப்டின் உள்ளே, பாய்லர் பின்னால், காம்பவுண்டின் கடைசி மூலை என்று போய்ப் பேச வேண்டும். எங்கே குரல் உடைகிறது என்று வளாக வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு இடம்தான் உடைகிறது, அங்கே யாரும் வேலை செய்வதில்லை என்றால் ரிப்பீட்டர் வேண்டாம். இரண்டு அடுக்கு நிலத்தடி பார்க்கிங் இருந்தால் மாடியில் வைக்கும் ரிப்பீட்டர் மட்டும் போதாது; கீழ்த்தளத்துக்குள் கேபிள் இழுத்துத் தனி ஆன்டெனா வைக்க வேண்டியிருக்கும்.

ரிப்பீட்டர் வாங்கி ஆறாவது மாடியில ஆன்டெனாவும் வெச்சாச்சு. ஆனாலும் சிக்னல் சரியா இல்லையே?

கேபிளைப் பாருங்கள். இந்தத் தொழிலில் மிச்சம் பிடிக்கிறேன் என்று கெடுக்கும் இடம் இதுதான். பெட்டி கீழே, ஆன்டெனா மேலே, நடுவில் 30 மீட்டர். அதற்கு விரல் தடிமன்கூட இல்லாத ஆர்ஜி-58 கேபிளைப் போட்டால் யுஎச்எஃப்-இல் பத்து டெசிபல் அளவுக்குப் போய்விடும். அதாவது பத்தில் ஒன்பது பங்கு கேபிளிலேயே சூடாகத் தீர்ந்துவிடும். 25 வாட் கொடுத்தால் மேலே இரண்டரை வாட். வரும் சிக்னலுக்கும் இதே கதி. அரை இன்ச் தடிமனான கேபிள் போட்டால் அதே தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது.

அடுத்து கனெக்டர். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று டேப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்புக் கம்பி பச்சையாக இருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும். இடிதாங்கி, எர்த்திங், யுபிஎஸ் மூன்றும் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "இன்ஸ்டலேஷன் சேர்த்து" என்ற ஒரே வரிக்குள் இவை எல்லாம் காணாமல் போய்விடும்.

அனலாக்கா, டிஜிட்டலா?

புதிதாக லைசென்ஸ் எடுத்துத் தொடங்குபவர்களுக்கு டிஜிட்டல்தான் சொல்வேன். டிஎம்ஆர் என்ற முறை பரவலாக இருக்கிறது. ஐரோப்பாவின் எட்சி அமைப்பு 2005இல் வெளியிட்ட தரம். 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை நேரத்தால் இரண்டாகப் பிரிக்கும். ஒரே ரிப்பீட்டரில் செக்யூரிட்டி ஒரு பக்கம், மெயின்டனன்ஸ் ஒரு பக்கம் ஒரே சமயத்தில் பேசலாம். செட் பாதி நேரமே ஒலிபரப்புவதால் பேட்டரியும் கூடுதலாக வரும். யார் பேசுகிறார் என்று திரையில் தெரியும்.

அனலாக்குக்கு ஒரு குணம் உண்டு. ரேஞ்ச் குறையக் குறைய இரைச்சல் கூடிக்கொண்டே வரும், ஆனால் காதைத் தீட்டினால் வார்த்தை புரியும். டிஜிட்டல் கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டு டக்கென்று அறுந்துவிடும். இதற்குப் பழகாதவர்கள் "புது செட்டு ரேஞ்ச் கம்மி" என்பார்கள். பத்து அனலாக் செட் நன்றாக ஓடுகிறது, தேவையும் கூடவில்லை என்றால் மாற்ற அவசரம் இல்லை. அனலாக், டிஜிட்டல் இரண்டும் பேசும் செட்டுகளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

டிஎம்ஆர் ஒரே தரம்தானே, வேற வேற கம்பெனி செட்டைக் கலந்து வாங்கலாமா?

சாதாரணப் பேச்சு, குரூப் பேச்சு வரை பெரும்பாலும் ஒத்துப்போகும். அதற்கு மேல் போனால் சிக்கல். மோட்டரோலாவின் கெபாசிட்டி பிளஸ், ஹைட்டராவின் எக்ஸ்பிடி போன்ற டிரங்கிங் முறைகள் (காலியாக இருக்கும் சேனலைத் தானாகவே பிடித்துக் கொடுப்பவை) அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. ஜிபிஎஸ், மறைகுறியீடு, கீழே விழுந்தால் தானாக அலாரம் அடிப்பது ஆகியவற்றிலும் இதே கதை. சார்ஜர், பேட்டரி, இயர்போன் முனை எதுவும் பொருந்தாது என்பது தனி. ஒரு கம்பெனியில் நிற்பதே நிம்மதி.

தறி ஷெட்டுல ஒண்ணுமே கேக்கல. விலை அதிகமான செட்டு வாங்கினா சரியாகுமா?

ஓரளவுதான். சூப்பர்வைசர்கள் சத்தத்தில் என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்த்தால் தெரியும். செட்டை உதட்டோடு ஒட்டிவைத்து, மறு கையால் மூடி, தொண்டை கிழியக் கத்துகிறார்கள். டிஜிட்டல் செட் குரலைச் சுருக்கித்தான் அனுப்புகிறது; கத்தலும் தறிச் சத்தமும் கலந்து போனால் எது குரல் என்று அதற்குப் பிரிக்கத் தெரியாமல் குழறும். ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில், சத்தம் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பேசினால் அதே செட்டில் வித்தியாசம் தெரியும். பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வார்த்தை வெட்டுப்படும். "வேண்டாம் நிறுத்து" என்பதில் "வேண்டாம்" போய்விட்டால் என்ன ஆகும்!

கேட்கும் பக்கத்துக்கு, காதை மூடும் ஹெட்செட்டில் பணம் போடுங்கள். செட்டின் விலையைக் கூட்டுவதைவிட அது பலன் தரும்.

சிம் போட்ட வாக்கி டாக்கி வந்திருக்கே, இந்தியா முழுக்கப் பேசலாமாமே?

பேசலாம். மொபைல் கம்பெனியின் டேட்டாவில் போவதால் உங்களுக்குத் தனி அலைவரிசை லைசென்ஸ் வேண்டாம், ரிப்பீட்டர் வேண்டாம். சென்னையில் ஆபீஸ், ஓசூரில் கிடங்கு, ரோட்டில் முப்பது வண்டி என்றால் இதைவிட வசதி கிடையாது. செட்டுக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு.

ஆனால் டவர் போனால் பேச்சும் போச்சு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் செல்போன் செத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பேரிடர் இல்லாமலே, தீபத் திருநாள் கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். அவசர காலத்துக்கென்று வாங்குபவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது. தினசரி வண்டி ஓட்டத்துக்கு சிம் செட், வளாகத்துக்குள் சாதாரண ரேடியோ என்று இரண்டும் வைப்பதில் தவறில்லை.

நாங்க பேசுறதை வெளியாள் ஒட்டுக்கேட்க முடியுமா? பிரைவசி கோடு போட்டிருக்கோம்.

முடியும். அந்தக் கோடு உங்கள் பேச்சை மறைப்பதில்லை. குரலோடு காதுக்குத் தெரியாத ஒரு தணிந்த தொனி சேர்ந்து போகும். அந்தத் தொனி இல்லாத பேச்சை உங்கள் ஸ்பீக்கர் ஒலிக்காது, அவ்வளவே. கோடு போடாத செட் வைத்திருப்பவர் உங்கள் பேச்சு முழுவதையும் கேட்பார். நிஜமாக மறைக்க வேண்டுமென்றால் டிஜிட்டல் செட்டில் மறைகுறியீடு வேண்டும்; அதையும் விண்ணப்பத்தில் சொல்லி, உரிம நிபந்தனைக்குள் செய்ய வேண்டும். நோயாளி பெயர், பணம் எடுத்துப் போகும் நேரம் இவற்றை எந்தச் செட்டிலும் பேச வேண்டாம் என்பது என் கருத்து.

எங்க ஸ்டாஃப் ஒருத்தர்கிட்ட ஹாம் லைசென்ஸ் இருக்கு. அதுலயே பேசிக்கலாமே?

கூடாது. ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் அந்த நபருக்கு, பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் கொடுத்தது. நிறுவன வேலைக்குப் பயன்படுத்தினால் அவருடைய உரிமம்தான் போகும். கடல் படகுகளுக்கான விஎச்எஃப் செட்டைக் கரையில் ஆபீசில் வைத்துப் பேசுவதும் இப்படித்தான்; அது கப்பல், படகு போக்குவரத்துக்கு ஒதுக்கிய பட்டை.

பெட்ரோல், கெமிக்கல், பட்டாசு இருக்கிற இடத்துல சாதாரண செட்டு கொண்டு போகலாமா?

கொண்டு போகக் கூடாது. கழற்றும்போது பேட்டரி முனையில் எழும் சின்னப் பொறி போதும். வெடிக்கும் வாயு, தூசு உள்ள பகுதிக்கென்று சான்று பெற்ற செட்டுகள் தனியாக உண்டு. விலை பல மடங்கு. நம் நாட்டில் இதைப் பார்ப்பது வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் பெசோ அமைப்பு. உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் பகுதி வகைப்பாட்டை (எந்த இடத்தில் எவ்வளவு வெடி ஆபத்து என்பதை) எழுத்தில் வாங்கி டீலருக்குக் கொடுங்கள். சான்று செட்டும் பேட்டரியும் சேர்ந்த ஜோடிக்குத்தான். அதில் வேறு பேட்டரி மாட்டினால் சான்று செல்லாது.

ஐபி67 என்று எழுதியிருப்பதை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தூசு புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது மட்டும்தான்.

எத்தனை செட் வாங்கணும்? பேட்டரி ஒரு ஷிஃப்ட் தாங்குமா?

தலைக்கு ஒன்று வேண்டாம், பொறுப்புக்கு ஒன்று வாங்குங்கள். மூன்று ஷிஃப்ட் காவலாளிகள் ஆறு பேருக்கு இரண்டு செட் போதும், பேட்டரி நான்கு. பத்து செட்டுக்கு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். மேனேஜர்களுக்கு மரியாதைக்காகக் கொடுக்கும் செட் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கும். அதற்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு.

பேட்டரி எத்தனை மணி நேரம் என்று போடுவது 5-5-90 கணக்கில்: ஐந்து சதவீதம் பேச்சு, ஐந்து சதவீதம் கேட்பு, மிச்சம் சும்மா இருப்பது. எட்டு மணி நேரத்தில் பேச்சு 24 நிமிடம்தான். திருவிழா நாளில் இது எந்த மூலைக்கு?

கொட்டேஷன் கேக்கும்போது என்ன எழுதிக் கொடுக்கணும்?

மாடல் பெயர் எழுதாதீர்கள். யார் யாரோடு பேச வேண்டும், யார் பேச்சு யாருக்குக் கேட்கக் கூடாது, எந்தெந்த இடத்திலிருந்து, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பென்சிலால் குறித்த அந்த வரைபடத்தையும் சேருங்கள். "குறித்த எல்லா இடத்திலும் பேச்சு தெளிவாகக் கேட்ட பிறகே கடைசித் தவணை" என்ற வரியை ஏற்காத டீலரைத் தள்ளிவிடலாம். செட்டில் சேனல் போடும் புரோகிராமிங் ஃபைல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் டீலர் கடையை மூடினால் ஒரு சேனல் மாற்றக்கூட வழியிருக்காது.

புது செட்டு வந்தாச்சு. பழசை வேற யாருக்காவது கொடுத்திடலாமா?

இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான்: வாங்குபவருக்கும் வைத்திருக்க அனுமதி வேண்டும். லைசென்ஸில் இருக்கும் செட்டுகளைக் கைமாற்றுவதற்கு முன் டபிள்யூபிசிக்கு எழுதி, அனுமதி வந்த பிறகு கொடுங்கள். எழுதாமல் கொடுத்துவிட்டால் அந்த சீரியல் நம்பர் உங்கள் பெயரிலேயே இருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். பழைய பேட்டரிகளை மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.